வெளியற்ற நகரம்: கோள்நகரப் புனைவும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமும்

அறிவியல் புனைவு எழுத விரும்பும் மாணவரை முதலில் ஈர்க்கும் கற்பனைகளுள் ஒன்று, ஒரு கோள் முழுவதும் ஒரே நகரமாக இருத்தல். காடோ வயலோ கண்ணில் படாமல், அடிவானம் வரை கூரைகளே தெரியும் உலகம் அது. கிரேக்க நகரமைப்பாளர் கான்ஸ்டன்டினோஸ் டாக்சியாடிஸ் 1960களில் இதையொத்த ஓர் எண்ணத்தை ‘எக்குமெனோபோலிஸ்’ என்னும் பெயரால் விளக்கினார். மக்கள் வாழும் உலகு, நகரம் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெருநகரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உலகைச் சுற்றிப் படரும் வலையையே அவர் எண்ணினார். வலையின் இடைவெளிகளில் காடும் வயலும் இருந்தன. புனைகதையாளர்களோ அவருக்கு முன்பே அவ்விடைவெளிகளையும் மூடிவிட்டிருந்தனர். அவர்கள் படைத்ததைக் கோள்நகரம் என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

கோள்நகரங்களுள் மூத்ததும் புகழ்பெற்றதும் ஐசக் அசிமோவின் டிரான்டார். 1951இல் நூலாக வந்த ‘பவுண்டேஷன்’ அதன் அளவைத் தெளிவாகவே தருகிறது. நிலப்பரப்பு 7.5 கோடிச் சதுர மைல். மக்கள்தொகை 4,000 கோடிக்கு மேல். இவ்வெண்களைக் கண்டு வியப்பவர் ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்ப்பது நன்று. 7.5 கோடிச் சதுர மைல் என்பது ஏறத்தாழ 19.4 கோடிச் சதுர கிலோமீட்டர். ஆகவே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 206 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். வயலும் ஏரியும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடும் உள்ளடங்கிய தமிழ்நாட்டைவிட, முழுக்க உலோகத்தால் மூடப்பட்ட டிரான்டாரில் நெரிசல் பாதிக்கும் குறைவு!

இருப்பினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் டிரான்டாரை நம்பி வந்துள்ளனர். கணக்கில் ஓட்டை உள்ள நகரம் எவ்வாறு நம்பகமாயிற்று? அசிமோவ் அதே இடத்தில் இன்னொரு செய்தியையும் சேர்த்தார்: டிரான்டாரின் உணவு இருபது உழவுக் கோள்களிலிருந்து கப்பல்களில் வந்து சேர்கிறது. அந்த ஒரு செய்தியால் நகரத்துக்கு வயிறு வந்துவிடுகிறது. வயிறு இருந்தால் அச்சமும் இருக்கும். கப்பல் நின்றால் என்னாகும் என்னும் கேள்வியே அதன்பின் கதையின் பாதி அரசியலை நடத்துகிறது.

நம் கருத்து இதுதான். கோள்நகரத்தை நம்ப வைப்பன அதன் உயரத்தைக் காட்டும் வருணனைகள் அல்ல. அதற்குள் நாள்தோறும் என்ன வருகிறது, என்ன வெளியேறுகிறது, யாருடைய கைகளால் என்னும் மூன்று விடைகளே அதை நம்ப வைக்கின்றன. இவ்விடைகளைக் கற்கக் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிடப் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்வது பயன் தரும். நகரத்தின் மறுமுனை அங்கேதான் இருக்கிறது.

கேமரன் மலை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பெரிதாக வேறுபடா. சிங்கப்பூரில் 60 இலட்சம் பேர் வாழ்கின்றனர். கேமரன் மலையிலோ சில பத்தாயிரம் பேர்தாம். உலகின் நிலப்பரப்பு முழுவதையும் சிங்கப்பூரின் அடர்த்தியில் நிரப்பினால் 1 இலட்சத்து 20 ஆயிரம் கோடிப் பேர் கொள்வர் என்று கணக்கு வருகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ உலகின் கொரஸ்கான்ட் கோளுக்கு அதன் ஆர்வலர்கள் சொல்லும் மக்கள்தொகையும் ஏறத்தாழ இதுவே. அப்படியானால் கொரஸ்கான்ட் என்பது எல்லையற்று நீண்ட சிங்கப்பூர் எனலாமா? இங்கேதான் மாணவர்கள் நின்று எண்ண வேண்டும். சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. நீரில் ஒரு பகுதி 1962ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஜொகூரிலிருந்து குழாய்வழி வருகிறது. அவ்வுடன்பாடு 2061 வரை நடப்பில் இருக்கும். அதன் சந்தைகளில் விற்கும் கீரையிலும் தக்காளியிலும் ஒரு பங்கு கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கியது. சிங்கப்பூரை நீட்டிக்கொண்டே போனால் முதலில் ஜொகூர் மறையும். பிறகு கேமரன் மலை மறையும். எந்த நிலத்தால் அந்நகரம் உயிர்வாழ்ந்ததோ அந்நிலத்தை அதுவே விழுங்கிவிடும். கோள்நகரத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே: அதற்கு வெளி என்று ஒன்று இல்லை. வெளி செய்த வேலைகள் அனைத்தையும் உள்ளே எங்கோ ஓரிடத்தில் செய்தாக வேண்டும், அல்லது வேறு கோள்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அவ்வேலைகள் யாவை என்று காண மலைக்குச் செல்வோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் குறித்துச் சென்றார். செமாய் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்தனர் என்பதால், ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதும் வழக்கத்தை நாம் கைவிடலாம். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு, குளிர்வாச நகரமாகவும் வேளாண் நிலமாகவும் இதை வளர்க்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. காடு இறங்கியது.

இன்று சுங்கை பாலாஸ் பகுதியில் நின்று பார்ப்பவர்க்குச் சரிவுகள் அனைத்தும் ஒரே பச்சையாகத் தெரியும். அதை இயற்கை என்று படம்பிடித்துச் செல்கின்றனர். உண்மையில் அது கட்டப்பட்ட பரப்பு. தேயிலைச் செடியைத் தன் போக்கில் விட்டால் பல மீட்டர் உயரமுள்ள மரமாகும். இடுப்பளவில் மேசைபோல் மட்டமாக நிற்பது, கொழுந்து எடுக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே. சில வாரங்களுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்து, வடிகாலைத் தூர் வாரி, களை பிடுங்கி அந்த மட்டத்தைக் காத்து வருகிறார்கள். கைகள் ஐந்தாண்டு விலகினால் மலை புதராகிவிடும். ஒரு கோள்நகரத்தின் மேற்பரப்பும் இவ்வாறே இருக்கும் என்பது என் எண்ணம். எஃகும் கண்ணாடியும் நகரத்தின் அடையாளம் என்று கொள்ளும் புனைவுகள் பராமரிப்பை மறந்துவிடுகின்றன. நகரம் என்பது ஓயாமல் கைபட்டுக்கொண்டே இருக்கும் நிலம். துருவைச் சுரண்டுபவர், வடிகால் அடைப்பை எடுப்பவர், விளக்கு மாற்றுபவர் ஆகியோரின் தொகை தெரிந்த பிறகே வான்முட்டும் கோபுரத்தைப் பற்றி எழுதத் துணிய வேண்டும்.

வருவதைச் சொல்லி நகரத்தை நிறுவும் முறை தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தை நம் கண்முன் நிறுத்துவது பெரிதும் பண்டங்களால்தான். கடல்வழி வந்த குதிரை, நிலவழி வந்த மிளகு, வடமலையின் பொன், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கங்கையின் வளம், ஈழத்து உணவு என்று அப்பட்டியல் நீள்கிறது. காழகத்துப் பொருளும் அதில் உண்டு. காழகத்தைக் கடாரம் எனக் கொள்வது உரை மரபு. கடாரம் இன்றைய கெடா. ஆகவே ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதொரு தமிழ் நகரத்தின் பொருட்பட்டியலில் இத்தீவக்கற்பமும் ஒரு வரியாக இருந்தது என்று நம் மாணவர்க்குச் சொல்லலாம்.

அப்புலவர் வருவதோடு நிறுத்தவில்லை. அறச்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுகிறது. எருதுகள் பொருததால் சேறாகிறது. தேர்கள் ஓடியதால் அது புழுதியாகி எழுகிறது. வெள்ளையடித்த மாடங்களில் படிந்து அவற்றை மாசுபடுத்துகிறது. செல்வத்தைப் புகழ வந்த இடத்தில் கழிவின் பயணத்தை நான்கு நிலைகளில் காட்டியிருக்கிறார். சோற்றிலிருந்து சுவர் வரை ஒரு பொருளைப் பின்தொடரும் இந்தப் பொறுமை எத்தனை அறிவியல் புனைவுகளில் வாய்த்திருக்கிறது?

அதே பொறுமையுடன் டிரான்டாரின் உணவைப் பின்தொடர்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ உணவு என்று கொண்டால் 4,000 கோடிப் பேருக்கு 6 கோடி டன். 50 ஆயிரம் டன் ஏற்றும் கப்பல்கள் என்றால் நாள்தோறும் 1,200 கப்பல்கள், அதாவது 72 நொடிக்கு ஒன்று இறங்க வேண்டும். கடினந்தான், ஆயினும் விண்கலங்கள் பேருந்துபோல் ஓடும் உலகில் இயலாததன்று. இதைக் குறைக்கவும் வழியுண்டு. அவ்வழியைத் தேயிலைத் தொழிற்சாலை கற்பிக்கிறது. ஒரு கிலோத் தூளுக்கு நான்கைந்து கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை பெரும்பாலும் நீர். அதை மலையிலேயே விட்டுவிட்டுத் தூள் மட்டும் கீழிறங்குகிறது. உழவுக் கோள்களும் உணவை உலர்த்தி அனுப்பினால் கப்பல் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் அவ்வளவு நீரும் டிரான்டாரில் இருக்க வேண்டும்.

தொழிற்சாலை ஏன் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதும் எண்ணத் தக்கது. பறித்த கொழுந்து காத்திருக்காது. கூடையிலேயே சூடேறிக் கெடத் தொடங்கும். அதனால் வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல் ஆகிய நிலைகளைத் தோட்டத்துக்கு அருகிலேயே உடனுக்குடன் தொடங்க வேண்டியுள்ளது. ஆலை எங்கே அமைவது என்பதை முதலாளியின் விருப்பத்தோடு இலையின் ஆயுளும் முடிவு செய்கிறது. கற்பனை நகரத்தின் வரைபடம் போடும் மாணவர் இதுபோன்ற கட்டாயம் ஒன்றையாவது கண்டுபிடித்துக்கொண்டால் வரைபடம் தானே விரியும்.

வந்த 6 கோடி டன்னும் ஏதேனும் ஒரு வடிவில் வெளியேற வேண்டும். உணவோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் உழவுக் கோள்களை விட்டு நீங்குகின்றன. அவை திரும்பிச் செல்லாவிட்டால் இருபது கோள்களின் மண்ணும் ஏழையாகும். டிரான்டாரோ எருவில் மூழ்கும். எனவே உணவு கொண்டுவந்த கப்பல் எரு ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பேரரசின் தலைநகர் தன் மாகாணங்களுக்கு ஒழுங்காக அனுப்பும் ஒரே ஏற்றுமதி அதுவாக இருக்கலாம். இப்படியொரு கப்பலின் மாலுமியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினால் நான் விரும்பிப் படிப்பேன்.

கப்பல் நின்றால் நேர்வது என்ன என்பதற்கு மலாயாவின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. தோட்டங்கள் கித்தாவையும் தேயிலையையும் விளைவித்தன. தம் சோற்றை விளைவிக்கவில்லை. அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அவ்வரவு அறுந்தபோது நாடெங்கும் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. அக்காலத்தைக் கடந்த முதியோர் நினைவில் அது மரவள்ளிக் காலம். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். ஒரே பயிரை வளர்த்து மற்றனைத்தையும் வெளியிலிருந்து பெறும் சிறிய உலகம் எவ்வளவு விரைவில் பட்டினிக்குள் விழும் என்பதை 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட மலாயா காட்டிவிட்டது. அசிமோவின் கதையிலும் சூறையாடப்பட்ட டிரான்டாரில் எஞ்சியவர்கள் உலோகத் தளத்தைப் பெயர்த்து விற்று, விதையும் கால்நடையும் வாங்கி உழவராகிறார்கள். அப்பகுதியை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் மரவள்ளிக் காலத்தையும் அதே வகுப்பில் சொல்லலாம். ஒன்று மற்றொன்றுக்கு உரையாகும்.

நீரின் கதை இன்னும் சிக்கலானது. தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே இறங்கிப் பகாங் ஆற்றோடு கலந்து தென்சீனக் கடலைச் சேர வேண்டியவை. 1963இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் திட்டம் அவற்றின் நீரைச் சுரங்க வழியில் திருப்பி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்த்து, நடுமலைத் தொடரையே குடைந்து மேற்கே பேராக் பக்கம் இறக்குகிறது. இறங்கும் வேகத்தில் சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் 100 மெகாவாட் மின்சாரம் பிறக்கிறது. ஒரு கடலுக்கு உரிய நீர் இன்னொரு கடலுக்குப் போகிறது! கோள்நகரத்துக்கு உரிய துணிச்சல் இது. நம் மலையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓசையின்றி நடந்து வருகிறது.

ஆனால் மேற்சரிவுகளில் காய்கறித் தோட்டங்களும் நகரங்களும் பெருகியபோது, மழை மண்ணை அரித்துக்கொண்டு வந்து நீர்த்தேக்கத்தில் கொட்டியது. வண்டல் நிறைந்து தேக்கத்தின் கொள்ளளவு சுருங்கியது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. மேலே ஒருவர் கீரை விதைக்கக் கொத்திய மண், பல ஆண்டுகள் கழித்து, கீழே வேறொருவர் வீட்டுக்குள் வந்து நின்றது. கஞ்சியிலிருந்து சுவர் வரை பட்டினப்பாலை காட்டிய பயணத்தின் கொடிய வடிவம் இது. நல்ல கோள்நகரக் கதையில் பேரழிவு வால்மீனாக வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. மேல் அடுக்கில் யாரோ நல்ல நோக்கத்துடன் செய்த சிறிய வேலை கீழடுக்கில் சேர்ந்துகொண்டே வந்தால் போதும்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 1 இலட்சம் கோடிப் பேர், ஒருவருக்கு 5 கிலோவாட் ஆற்றல் என்றால், அது முழுவதும் இறுதியில் வெப்பமாகும். புவியளவுள்ள கோளில் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட். மனிதச் செயல்களால் புவி இன்று கூடுதலாகப் பெறும் வெப்பத்தூண்டல் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கும் குறைவு. அதற்கே நாம் இவ்வளவு அல்லற்படுகிறோம். ஆகவே கோள்நகரத்தின் முதன்மையான பொறியியல், உள்ளே வெளிச்சம் தருவதன்று, வெப்பத்தை விண்ணுக்கு அனுப்புவது. உயரமும் தன் பங்குக்கு வெப்பநிலையை மாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு பாகைக்குமேல் குளிரும் என்பதைத் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்தில் ஏறிய எவரும் தோலால் அறிவர். தானா ராத்தாவின் உயரம் 1,440 மீட்டர். அதற்கு இணையான உயரமுள்ள கோபுரத்தில், சன்னலைத் திறக்க முடிந்தால், அடித்தளத்தில் ஈப்போவின் புழுக்கமும் உச்சியில் கேமரன் மலையின் குளிரும் இருக்கும்.

குளிர் கிடைக்கும் இடத்தை யார் எடுத்துக்கொள்வார் என்பதில் ஐயமில்லை. மலைத்தோட்டங்களில் துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டில் இருந்தது. காற்றும் காட்சியும் அங்கே. கிராணி வீடுகள் இடையில். லயங்கள் தாழ்வில், ஆலைக்கு அருகில். உயரமே பதவி. கொரஸ்கான்டின் மேலடுக்கில் ஒளியும் கீழடுக்கில் இருளும் வைத்தவர்கள் புதிதாக எதையும் புனையவில்லை. அவர்கள் விட்டுவிட்டது கீழடுக்கின் நிறைவை. லயத்தை வெறும் துன்பக்கிடங்காக எழுதுவது எளிது. அங்கே கோயில் இருந்தது, ஆண்டுத் திருவிழா இருந்தது. ஆயாக்கொட்டகையும் கடையும் தமிழ்ப்பள்ளியும் இருந்தன. காதலும் வழக்கும் வட்டிக்கடனும் இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியே போகாமலே ஒருவர் பிறந்து, படித்து, மணந்து, முதிர்ந்து மறைய முடிந்தது. அது முழு உலகம். முழுமையாக இருந்ததனாலேயே அது ஆளைக் கட்டிவைத்தது.

அசிமோவே இதைப் பின்னாளில் உணர்ந்திருக்க வேண்டும். 1988இல் வந்த ‘பிரெலூட் டு பவுண்டேஷன்’ நாவலில் டிரான்டாருக்கு அவர் சேர்த்தவை அரண்மனைகள் அல்ல. மைக்கோஜன் பகுதியின் நுண்ணுயிர்ப் பண்ணைகளையும், கோளின் உள்வெப்பத்திலிருந்து ஆற்றல் எடுக்கும் ஆழ்நிலையங்களில் வெந்து உழைக்கும் தால் பகுதி மக்களையும் சேர்த்தார். மற்றப் பகுதியினர் தால் மக்களை இழிவாக நோக்குகின்றனர். முதல் நூலில் எண்ணாக இருந்த நகரம் இந்நூலில்தான் ஊராகிறது.

கைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது. தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் ஆள் வந்தது ஒரு காலம். உதவி பெற்று வரும் அக்குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டுவோருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். விரலால் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும் வந்துள்ளன. முன்னாள் தோட்டக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் வாழ்கின்றனர். ஆயிரமாண்டுக் கோள்நகரத்தில் இத்தகைய அலைகள் எத்தனை வந்து போயிருக்கும்! ஒவ்வோர் அலையும் தன் கோயிலை விட்டுச் சென்றிருக்கும். தன் சொற்களையும் விட்டுச் சென்றிருக்கும்.

சொற்களைப் பற்றி ஒரு மொழி மன்றத்தின் மேடையில் சற்று விரித்துச் சொல்லலாம். கற்பனை உலகுக்குப் பெயர் சூட்டும் இளம் எழுத்தாளர் பெரும்பாலும் அகராதியைத் திறக்கிறார். ‘விண்ணூர்தி நிலையத் தலைமைக் கட்டுப்பாட்டாளர்’ என்பது போன்ற பெயர்கள் பிறக்கின்றன. மக்கள் வாயில் சொல் அவ்வாறு பிறப்பதில்லை. ஆங்கிலத்து ‘லைன்’ தோட்டத்தில் லயமாயிற்று. இசைக்குரிய சொல்லோடு ஒன்றாகிவிட்டதால் அந்நியம் தெரியவில்லை. அணிவகுப்பைக் குறித்த ‘பரேட்’ பெரட்டாகி, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெயராயிற்று. மலாயின் ‘கெத்தா’ கித்தாவாயிற்று. தமிழின் கங்காணி ஆங்கில அரசு ஆவணங்களில் ஏறிற்று. தேயிலை என்னும் சொல்லின் ‘தே’கூடச் சீனத்தின் பூக்கியென் கரையோரப் பேச்சிலிருந்து கடல்வழி வந்தது, ‘இலை’ மட்டும் நம்முடையது. ஒரு சொல்லுக்குள் ஒரு கடற்பயணம் அடங்கியிருக்கிறது. கோள்நகரத்தின் மின்தூக்கிக்கும் நீர்க்குழாய்க்கும் எருக்கப்பலுக்கும் இவ்வாறு தேய்ந்து திரிந்த பெயர் வேண்டும். பெயரைத் திரித்தவர் யார், எந்த அலையில் வந்தவர் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால் போதும். வாசகருக்கு விளக்க வேண்டுவதில்லை.

உலகைப் படைக்கும் வரிசைமுறையைத் தொல்காப்பியம் நமக்கு வகுத்தே தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். இவற்றின்மேல் நிற்பது உரிப்பொருளாகிய மனித உணர்வு. தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் உணவு நிற்பதைக் காண்க. கோள்நகரத்தில் குறிஞ்சியோ மருதமோ நெய்தலோ இல்லை. பகலும் இரவும்கூட விளக்கின் முறைவைப்பே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஐந்நிலமும் திரிந்த நிலத்துக்கு என்ன பெயர், அதற்குரிய பறவை எது, அங்குப் பிரிவு எவ்வாறு இருக்கும்? எல்லாரும் ஒரே நகரில் வாழும்போது பொருள்வயிற் பிரிந்தவன் எங்கே போவான்? நாலாயிரம் அடுக்குக்குக் கீழே போவானோ என்னவோ.

வகுப்பறைப் பயிற்சியாக இதைச் செய்து பார்க்கலாம். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கோள்நகரத்தின் கீழடுக்கில் ஒரு லயத்தை எண்ணிக்கொள்ளச் சொல்க. முதல் இரண்டு வாரம் கதைத்தலைவன் வேண்டா, போரும் வேண்டா. ஒரு குழு அந்த லயத்துக்கு வரும் அரிசியின் வழியை எழுதட்டும். ஒரு குழு கழிநீரின் வழியை. இன்னொன்று வெப்பம் வெளியேறும் வழியை. மற்றொன்று அங்கு வழங்கும் இருபது சொற்களையும் அவை திரிந்த முறையையும். மூன்றாம் வாரம் அந்த லயத்தின் பெரட்டுப் பதிவேட்டை எழுதுக. பெயர், வயது, எந்த அலையில் வந்த குடும்பம், என்ன வேலை, எந்த அடுக்கில் என்று வரிசையாக வரட்டும். அன்று காலை பெரட்டுக்கு வராத ஒருவரின் பெயருக்கு எதிரே கோடிட்டு, அவர் ஏன் வரவில்லை என்னும் கேள்வியிலிருந்து கதையைத் தொடங்குக.